பழவேற்காட்டில் எஞ்சின் "ஸ்லோ"வில் நின்றுபோவதைப் பற்றி ஒரு டாக்டர் எழுதுவது ஏன்?



வழக்கமாக சுகர், பிரஷர், காய்ச்சல் என்று எழுதும் நான் இன்று படகு எஞ்சினைப் பற்றி எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமான இழை. "எம்.பி.பி.எஸ். படிச்சவருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று தோன்றினால் முதல் பத்து வரியை மட்டும் படியுங்கள். அப்புறம் முடிவு பண்ணுங்க.

பழவேற்காடு ஏரிப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் ஓ.பி.யில் ஐம்பது வயதைத் தாண்டிய மீனவர் ஒருவர் வந்தார். வலது தோள்பட்டை வலி. அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் வலி மாத்திரையும் தடவுகிற மருந்தும் எழுதி அனுப்பியது நான்தான்.

"கையை மேலே தூக்குங்கண்ணே."

பாதிக்கு மேல் போகவில்லை. முகம் சுருங்கியது.

"இந்தக் கையை வெச்சு அப்படி என்னண்ணே பண்றீங்க?"

"கவுறு இழுக்குறேன் சார்."

"வலைக் கயிறா?"

"இல்ல சார், மோட்டார் கவுறு. ஸ்லோ பண்ணா நின்னுடுது. நிக்க நிக்க இழுக்கணும்ல?"

ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுப்பீங்க என்று கேட்டேன். சிரித்தார். "எண்ணிக்கிட்டு இருந்தா இழுக்க முடியாது சார்."

இரண்டு தடவை வந்தபோதும் இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. ஓ.பி.யில் வெளியே எண்பது பேர் நிற்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அது என் தப்புதான். அவருக்கு வலி தோளில், நோய் படகில்.

அன்றைக்குப் பிறகு கடலுக்கும் ஏரிக்கும் போகிற யார் அடிபட்டு வந்தாலும் "எஞ்சின் எப்படி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தேன். காலில் விசிறி வெட்டி வந்த ஒரு தம்பி. கிருஷ்ணாயில் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்க வந்த இன்னொருவர். படகு திடீரென்று எகிறியதில் தடுமாறி விழுந்து விலா எலும்பு விரிசல் விட்டு வந்த ஒரு பெரியவர். தனித்தனியாகப் பார்த்தால் தனித்தனி விபத்து. கேட்கக் கேட்க, மூன்றிலுமே எஞ்சின் ஸ்லோவில் நிற்காத கதைதான் பின்னால் இருந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஸ்லோவில் நின்றுபோனால் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி வைத்துச் சமாளிக்கிற பழக்கம் ஆபத்தானது, அதை விட வேண்டும். காரணத்தைத் தேடிச் சரி செய்ய வேண்டும். அதற்கான மெக்கானிக் வசதியைக் கரைக்கே கொண்டு வர வேண்டிய பொறுப்பு அரசுக்கு இருக்கிறது. "பழைய எஞ்சின்னா அப்படித்தான் இருக்கும்" என்பதை நான் ஏற்க மாட்டேன். "வயசாயிடுச்சு, அப்படித்தான் வலிக்கும்" என்று சொல்லி அனுப்புகிற டாக்டரை நீங்கள் ஏற்பீர்களா?

பழவேற்காட்டைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் பரந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. பரப்பு பெரிது, ஆழம் குறைவு. பல இடங்களில் இறங்கி நின்றால் இடுப்பளவு தண்ணீர்தான். ஏரிக்குள் ஊன்றிய வலைகள், கம்புகள், இறால் பிடிக்கிறவர்கள், கையால் தடவி மீன் பிடிக்கிற பெண்கள்.. இதற்கு நடுவில் முழு வேகத்தில் ஓட்டவே முடியாது. மெதுவாகப் போவது இங்கே தினசரித் தேவை.

அடுத்தது முகத்துவாரம். ஏரி கடலோடு சேர்கிற வாய். மணல் சேர்ந்து சேர்ந்து வழி குறுகும், இடம் மாறும், சில வருஷம் மூடியே போகும். கடலிலிருந்து திரும்பும் படகு அலை உடைகிற இடத்துக்கு வெளியே மெதுவான ஓட்டத்தில் காத்திருக்கும். பெரிய அலைகள் வரிசையாக வந்து போகட்டும் என்று பார்த்து, நடுவில் கிடைக்கிற இடைவெளியில், ஒரு அலையின் முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். அந்தக் காத்திருப்பு முழுக்க ஸ்லோ. அந்த நேரத்தில் எஞ்சின் ஆஃப் ஆனால் படகு பக்கவாட்டில் திரும்பும். பக்கவாட்டில் அலை வாங்கிய படகு என்ன ஆகும் என்று அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும்.

இதற்குப் பயந்துதான் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி வைக்கிறார்கள். பயம் நியாயமானது. வைத்தியம்தான் தப்பு.

ஏன் என்று சொல்கிறேன்.

உடம்பு வலி என்று போனால் சில இடங்களில் ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்புவார்கள். அரை நாளில் ஆள் துள்ளி எழுந்திடுவார். உள்ளே இருக்கிற நோய் அப்படியே இருக்கும், சத்தமில்லாமல் முற்றும். ஐடில் ஸ்க்ரூவை ஏற்றுவதும் இதே வேலைதான். எஞ்சின் ஓடுகிறது, பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும்.

உண்மையில் என்ன நடக்கிறது? ஐடில் உயர்ந்திருக்கும்போது கியர் போட்டால் படகு ஒரு குதி குதிக்கும். முன்னணியத்தில் நின்று நங்கூரம் எடுப்பவர், வலை சரி செய்பவர் தடுமாறுவார். கியர் பற்கள் ஒவ்வொரு தடவையும் மோதித் தேயும். தேய்ந்த கியர் ஒருநாள் நடுக்கடலில் வழுக்கும்.

விசிறியின் கணக்கு இன்னும் பயங்கரம். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றுகிறது, கியரில் அது ஏறக்குறைய பாதியாகிறது என்று வையுங்கள். விசிறி நிமிடத்துக்கு 500 சுற்று. ஒரு நொடிக்கு எட்டு சுற்றுக்கு மேல். மூன்று இதழ் விசிறி என்றால் ஒரே நொடியில் 25 வெட்டு. இது ஒழுங்கான ஸ்லோவில். ஐடிலை 1500-க்கு ஏற்றி வைத்தால் நொடிக்கு 37. காலை இழுத்துக்கொள்ள மனிதனுக்கு அரை நொடியாவது வேண்டும்.

நான் சொன்ன அந்தத் தம்பியின் கதை இதுதான். விசிறியில் வலைத் துண்டு சுற்றிக்கொண்டது. இடுப்பளவு தண்ணீர். இறங்கி எடுக்கப் போயிருக்கிறார். எஞ்சினை ஏன் ஆஃப் பண்ணலை என்று கேட்டேன். "ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆவாது சார், அதான் நியூட்ரல்ல வுட்டேன்." நியூட்ரல் தேய்ந்திருந்ததா, மேலே இருந்தவர் கை பட்டு கியர் விழுந்ததா தெரியாது. கால் தப்பியது. இரண்டு விரல் போனது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எஞ்சின் ஏன் ஸ்லோவில் மட்டும் நிற்கிறது? நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. "ஃபுல் ஸ்பீடுல குதிரை மாதிரி ஓடுது சார், ஸ்லோ பண்ணாத்தான் செத்துடுது."

கார்புரேட்டரில் எண்ணெய் வருவதற்கு இரண்டு வழி உண்டு. வேகமாக ஓடும்போது பெரிய ஓட்டை வழியாக வரும். அது மெயின் ஜெட். ஆக்சிலேட்டரை மூடிவிட்டால் அந்த வழி ஓய்ந்து, ஸ்லோ ஜெட் என்கிற சின்ன ஓட்டை மட்டும் வேலை செய்யும். அந்த ஓட்டை சுமார் அரை மில்லிமீட்டர். தையல் ஊசி முனைகூட சிரமப்பட்டுத்தான் நுழையும். பெட்ரோல் காய்ந்தால் விடுகிற பிசின், துருத் துகள், உப்புப் பொடி, எது வந்தாலும் முதலில் அடைப்பது இதைத்தான். சர்க்கரை நோயிலும் கண், சிறுநீரகத்தில் இருக்கிற மெல்லிய ரத்தக்குழாய்கள் அடிபட்டிருக்கும். ஆள் பார்க்க நன்றாக நடமாடிக்கொண்டுதான் இருப்பார்.

நான் மெக்கானிக் இல்லை. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது கரையில் முப்பது வருஷமாக எஞ்சின் பிரிக்கிற ஒரு அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோள்பட்டைக்காரரின் எஞ்சினை அவரிடம் கொண்டு போனோம். கார்புரேட்டரைக் கழற்றுவார் என்று பார்த்தால் கையே வைக்கவில்லை. "மொதல்ல டேங்க் மூடியப் பாருங்க சார். பாதி கேசு அங்கயே முடிஞ்சிடும்." நாங்களும் இப்படித்தான் படித்தோம். ஸ்கேனுக்கு எழுதுவதற்கு முன்னால் நாடியைப் பிடித்துப் பார்.

டேங்க் மூடியில் ஒரு காற்றுத் திருகு இருக்கும். அது மூடியிருந்தால் எண்ணெய் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் வருவது நிற்கும். கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பிறகு எஞ்சின் தளர்ந்து நிற்கும். படகை ஓட்டும்போது திறந்திருக்கணும், தூக்கிச் செல்லும்போது மூடணும். ரூபாய் செலவில்லாத வைத்தியம்.

அடுத்து டியூப், இணைப்பு, நடுவில் இருக்கிற கைப் பம்பு. எஞ்சின் நிற்கப் போகிற நேரத்தில் அந்தக் கைப் பம்பை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் எஞ்சின் உயிர் பெற்றால் எண்ணெய் வரத்தில்தான் குறை என்று அர்த்தம். டியூப்பில் விரிசல், இணைப்பில் தேய்ந்த ஓ-ரிங், ஃபில்டரில் அடைப்பு, எஞ்சின் மேல் இருக்கிற ஃப்யூவல் பம்பின் கிழிந்த ரப்பர் தகடு.. இதில் ஒன்று. அழுத்தியும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. டியூப்பில் அடைப்பு இருக்கா என்று வாயால் உறிஞ்சிப் பார்க்காதீர்கள். கேனிலிருந்து டேங்குக்கு மாற்றவும் வாயை வைக்காதீர்கள். கிருஷ்ணாயில் தண்ணீரைவிட லேசானது, வழுவழுவென்று பரவக்கூடியது. வயிற்றுக்குப் போனதைவிட புரையேறி நுரையீரலுக்குப் போனதுதான் ஆளைச் சாய்க்கும். ஒரு மில்லி அளவு போனாலே நுரையீரல் புண்ணாகும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், மோர், பால் எதுவும் கொடுக்கக் கூடாது. வாந்தி வந்தால் அது திரும்ப மேலே வரும்போது இன்னொரு தடவை புரையேறும். எண்ணெய் பட்ட சட்டையைக் கழற்றிவிட்டு நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். இருமல் இல்லை, நல்லாத்தான் இருக்கேன் என்று வீட்டுக்குப் போகாதீர்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும். அதனால்தான் நாங்கள் குறைந்தது ஆறு மணி நேரமாவது வைத்துப் பார்ப்போம். சந்தையில் கிடைக்கிற கைப் பம்பு டியூப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கா என்று பார்ப்பது எளிது. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஒரு இரவு வையுங்கள். அடியில் தனி அடுக்காக நின்றால் தண்ணீர். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. கடற்கரைக் காற்றில் பாதி டேங்க் பெட்ரோலை வாரக்கணக்கில் வைத்தால் ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். அதோடு டூ ஸ்ட்ரோக் ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். கீழே இருப்பதில் ஆயில் இருக்காது. பழைய எஞ்சின்களின் ரப்பர் பாகங்கள் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவையும் இல்லை. கொள்கை நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. மீனவர் செய்ய முடிவது ஒன்றுதான்: தேவைக்கு வாங்குங்கள், சேர்த்து வைக்காதீர்கள்.

பிறகு பிளக். கழற்றிப் பார்த்தால் கறுப்பாக, ஈரமாக இருக்கா? எண்ணெய் அதிகம், அல்லது ஆயில் கலவை அதிகம், அல்லது பொறி பலவீனம். வெள்ளையாக வெளுத்திருக்கா? எண்ணெய் பற்றாக்குறை. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிளக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று நல்ல நிறமாகவும் இன்னொன்று நனைந்தும் இருந்தால், ஸ்லோவில் உங்கள் எஞ்சின் ஒற்றைக் காலில் நிற்கிறது. பிளக் தொப்பியில் பச்சை பூத்திருக்கும், உப்பு. பிளக் நம்பர் புத்தகத்தில் போட்டபடி இருக்கணும், பைக் கடையில் கிடைத்ததைப் போடக் கூடாது.

பொறி வருதா என்று பார்ப்பவர்களுக்கு: பெட்ரோல் வாடை போகட்டும், பிறகு பாருங்கள். வயரைக் கையில் பிடித்துக்கொண்டு கயிறு இழுக்காதீர்கள். தீக்காயத்தோடு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுகிறவன் சொல்கிறேன்.

இதுவரை எதுவும் கிடைக்கவில்லை என்றால்தான் கார்புரேட்டர். அந்த அண்ணன் ஒரு அழகான சோதனை காட்டினார். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஸ்லோவில் தடுமாறும்போது சோக்கை லேசாக இழுத்தார். எஞ்சின் சட்டென்று நிதானமாகிவிட்டது. "பாத்தீங்களா சார், பசியில இருக்கான்." சோக் போட்டால் எண்ணெய் விகிதம் கூடும். கூட்டியதும் தேறினால் குறை எண்ணெய் பற்றாக்குறை; ஸ்லோ ஜெட் அடைப்பாகவோ எங்கோ காற்று கசிவாகவோ இருக்கும். சோக் இழுத்ததும் இன்னும் மோசமானால் ஏற்கெனவே எண்ணெய் அதிகம். மிதவை ஊசி கசிகிறதா, சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு விரலால் செய்கிற இந்த டெஸ்ட் எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

கழற்றிப் பார்த்ததில் ஸ்லோ ஜெட் பழுப்புப் பிசினால் முக்கால்வாசி மூடியிருந்தது. ஐடில் ஸ்க்ரூவோ கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் உள்ளே போயிருந்தது. இனி ஏற்ற இடமே இல்லை. ஸ்டீராய்டு டோஸ் முடிந்துவிட்டது!

ஜெட்டைச் சுத்தம் பண்ணும்போது இரும்புக் கம்பி, சேஃப்டி பின் விடக் கூடாது என்றார். பித்தளை மென்மையானது, ஓட்டை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் குப்பைதான். கிளீனரில் ஊற வைத்து, காற்று அடித்து, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ்கெட்டைப் புதிதாகப் போட வேண்டும். ஏர் ஸ்க்ரூவை மெதுவாகக் கடைசி வரை மூடி, புத்தகத்தில் சொன்ன சுற்றுக்குத் திறக்க வேண்டும். முறுக்கி மூடினால் முனை கெட்டுவிடும். ஐடில் ஸ்க்ரூவைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

அதையும் டிரம்மில் வைத்து நியூட்ரலில் செட் பண்ணி அனுப்பினால் ஏரியில் இறக்கியதும் திரும்ப நிற்கும். படகைக் கயிற்றில் கட்டி, தண்ணீரில், எஞ்சின் சூடான பிறகு, கியரில் போட்டு செட் பண்ண வேண்டும். கியர் பாரம் இருக்கும்போது நிற்காமல் ஓடுவதுதான் நமக்குத் தேவையான ஸ்லோ. அந்த நேரம் பின்னால் தண்ணீரில் ஒருத்தரும் நிற்கக் கூடாது. தண்ணீர் இல்லாமல் தரையில் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. உள்ளே குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றுகிற ரப்பர் இறக்கை சில நொடிகளில் கருகிவிடும்.

ஜெட் சுத்தம், பிளக் நல்லது, எண்ணெய் நல்லது, அப்பவும் சோக் இழுத்தால்தான் நிற்கிறது என்றால்? கேஸ்கெட், ரீட் வால்வு, கிராங்க் சீல் வழியாகக் காற்று புகுகிறது. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் வருவதே எண்ணெயோடு கலந்துதான். எண்ணெய் குறைந்தால் ஆயிலும் குறையும். இந்த நிலையில் ஐடிலை ஏற்றி ஓட்டினால் ஒருநாள் பிஸ்டன் ஜாம் ஆகும், கயிறு இழுத்தாலும் அசையாது. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்து இரண்டு சிலிண்டருக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் மட்டும் "வயசாயிடுச்சு" என்ற பேச்சை ஏற்கலாம். அதுவரைக்கும் வயது ஒரு நோய் இல்லை.

இனி கிருஷ்ணாயில் எஞ்சினுக்கு வருகிறேன். இங்கே கரையில் நிறைய எஞ்சின்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு கிருஷ்ணாயிலுக்கு மாற்றுகிற வகை. கிருஷ்ணாயில் எளிதில் ஆவியாகாது. எஞ்சின் நல்ல சூட்டில் வேகமாக ஓடும்போது சமாளித்துவிடும். ஸ்லோவில் சூடு குறைந்ததும் சரியாக எரியாது, பிளக் கறுத்து நனையும், எஞ்சின் தும்மி நிற்கும். அதனால்தான் மெதுவாக ஓட்டுவதற்கு முன்னாலும், எஞ்சினை நிறுத்துவதற்கு முன்னாலும் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. கார்புரேட்டரில் கிருஷ்ணாயில் தேங்கியபடி நிறுத்தினால் மறுநாள் காலையில் தோள்பட்டைதான் பதில் சொல்ல வேண்டும்.

விதி எல்லாருக்கும் தெரியும். ஏன் செய்வதில்லை? பெட்ரோல் விலை. கிருஷ்ணாயிலுக்கு மானியம் உண்டு, பெட்ரோலை பங்கில் முழு விலைக்கு வாங்க வேண்டும். மீன் படாத நாளில் கடைசி ஐந்து நிமிஷப் பெட்ரோலும் கணக்குதான். ஏ.சி. அறையில் உட்கார்ந்து "விழிப்புணர்வு இல்லை" என்று சொல்வது சுலபம். நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். இப்போது கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: எதில் மிச்சம் பிடித்தாலும் முகத்துவாரத்தை நெருங்கும்போது மட்டும் பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். அலைக்கு வெளியே காத்திருக்கிற அந்த நிமிடங்களில் எஞ்சின் தும்மக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்து நாள்கணக்கில் படகு ஏற்றி வைக்கும்போது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது கிடந்ததே, அந்த மாதிரி நாட்களுக்கு முன்னால் டியூப்பைக் கழற்றிவிட்டு கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை தண்ணீரில் வைத்து ஓட்டி நிறுத்துங்கள். திரும்பக் கடலுக்குப் போகிற முதல் நாள்தான் இந்த ஸ்லோ பிரச்சினை அதிகமாக வருகிறது என்று கரையில் எல்லாருமே சொன்னார்கள்.

இரண்டு சின்ன விஷயம், உயிர் காக்கிற விஷயம். எஞ்சினில் சிவப்புக் கயிற்றோடு ஒரு கிளிப் இருக்கும். மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்ததும் எஞ்சின் ஆஃப் ஆகிவிடும். நான் பார்த்த எஞ்சின்களில் பலவற்றில் அது இல்லை, அல்லது வயரை ஒட்டுப் போட்டு வேலை செய்யாமல் ஆக்கியிருந்தார்கள். அதேபோல கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கிற பூட்டு, அதையும் கழற்றியிருந்தார்கள். ஏன் என்று கேட்டால் காரணம் தெரிந்ததே: அடிக்கடி நிற்கிற எஞ்சினை அவசரத்தில் திரும்ப ஸ்டார்ட் பண்ண இரண்டும் தொல்லை. ஸ்லோவைச் சரி பண்ணினால் இந்த இரண்டையும் திரும்ப மாட்டுவதற்குத் தடை ஒன்றும் இருக்காது.

லைஃப் ஜாக்கெட் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை.

விசிறி வெட்டினால்: சுத்தமான துணியை வைத்து நேராகக் காயத்தின் மேல் அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காபித்தூள், மஞ்சள், டீசல் எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். டி.டி. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். உவர்நீரில் சதையைத் தின்கிற கிருமிகள் உண்டு. சர்க்கரை நோய், கல்லீரல் பாதிப்பு, தினமும் குடிக்கிற பழக்கம் இருப்பவர்களுக்கு அது சின்னக் கீறல் வழியாகப் போனாலும் ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். காயத்தைச் சுற்றி வேகமாக வீங்கினால், கொப்புளம் வந்தால், காய்ச்சல் அடித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கடைசியாக அரசிடம் ஒரு கேட்பு. எஞ்சின் வாங்க மானியம் உண்டு, எண்ணெய்க்கு மானியம் உண்டு, வரவேற்கிறேன். வாங்கிய எஞ்சினைப் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஒரு ஓ-ரிங் வேண்டும் என்றால் சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். ஒருநாள் தொழில் போச்சு. கரையில் எஞ்சின் தெரிந்த அண்ணன்கள் ஒருசிலர்தான், அவர்களுக்கும் வயதாகிறது. பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை.

இத்தனைக்கும் ஆட்கள் தூரத்தில் இல்லை. பொன்னேரியில் அரசு மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் மீன்பிடி எஞ்சின் ஓட்டுநர் பயிற்சி கொடுக்கிற மத்திய நிறுவனமான சிஃப்நெட்டின் கிளை இருக்கிறது. மருத்துவ முகாம் நடத்துகிற மாதிரி மாதத்துக்கு ஒருநாள் ஒவ்வொரு குப்பமாக எஞ்சின் முகாம் நடத்தலாமே? ஒரு வேன், ஒரு கம்ப்ரஷன் கேஜ், காற்றடிக்கிற கம்ப்ரசர், கார்புரேட்டர் கிட், ஓ-ரிங், பிளக், டியூப். கூடவே ஊர்ப் பையன்கள் இரண்டு பேரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் ஒரு வருஷத்தில் ஊருக்கு இரண்டு மெக்கானிக். 2021-லிருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" என்று சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு கொடுக்கிற மாநிலம் இது. எஞ்சினைத் தேடி மெக்கானிக் வருவது நடக்காத காரியமா என்ன? செலவாகும் என்பார்கள். விசிறி வெட்டிய ஒரு காலுக்கு அறுவை சிகிச்சை, ஐ.சி.யூ., ஆன்டிபயாட்டிக், ஆறு மாத வேலையிழப்பு.. இதற்கு ஆகிற செலவும் செலவுதான். அது எங்கள் மருத்துவமனைக் கணக்கில் போய்விடுவதால் மீன்வளக் கணக்கில் தெரிவதில்லை, அவ்வளவே.

கடலில் சிக்கினால் கூப்பிட வேண்டிய எண்கள், போனில் இப்போதே சேமியுங்கள்: கடலோரக் காவல் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

தோள்பட்டைக்கார அண்ணன் போன வாரம் வந்தார். பிசியோதெரபி போகிறார், கை இப்போது காது வரை போகிறது. இன்னும் முழுசா தேறவில்லை, தேய்ந்த தசைநார் அவ்வளவு சீக்கிரம் கூடாது. காலையில் ஒரு தடவை கயிறு இழுத்தால் கரைக்குத் திரும்பும் வரை இழுப்பதில்லையாம். மாத்திரை எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்து போனவர் கதவுப் பக்கத்தில் நின்று திரும்பினார்.

"இந்த ஞாயித்துக்கிழமை லீவுதானே சார்? கரைக்கு ஒரு எட்டு வர்றீங்களா? மச்சான் மோட்டாரும் ஸ்லோவுல நிக்க மாட்டேங்குது."

போகப் போகிறேன். டேங்க் மூடியை முதலில் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.